சொல்லிப் பார்த்த சொல்லே சபையில் துணை வரும்

(நமது அறக்கட்டளையின் விடுமுறைக் காலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில், மாணவ மாணவியர், பெற்றோர்கள் முன்னிலையில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





கல்வி உதவி, மருத்துவ உதவி, ஆதரவற்ற பெண்களுக்கு மாதாந்திர உதவி என்று நடந்து வரும் ஓர் அறக்கட்டளைக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எதற்கு என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். "பிள்ளைகளை அரசியல் மேடைக்குத் தயார் செய்கிறீர்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவோம்.

நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோரின் தேவை உண்மையானது. கையிலுள்ள காகிதங்களும் சரியாகவே இருக்கும். "என்ன விஷயம், சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் சிரமம் தொடங்கும். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஆரம்பித்து, மாமனார் மௌத்தானது வரை வந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் 'மகனுடைய கல்லூரிக் கட்டணம்' என்ற சொல் வாயில் வரும். நாம் ஒரே ஊர்க்காரர்கள். உட்கார வைத்துக் கேட்டுக்கொள்கிறோம். பட்டுக்கோட்டையில் ஓர் அலுவலக வரிசையில் நிற்கும்போது பத்து நிமிடம் யார் கேட்பார்கள்? திங்கட்கிழமை தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், நமக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை பேர் மனுவோடு நிற்கிறார்கள் என்பது. அங்கே ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் வந்த கஜா புயலை நாம் யாரும் மறக்கவில்லை. தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது, கூரையும் ஓடும் பறந்தன, படகுகள் நொறுங்கின. அதன் பிறகு சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்ற நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்தில், எத்தனை மரம், எந்தச் சுவர், எத்தனை பேர் குடும்பத்தில் என்று வரிசையாகச் சொன்னவர்கள் சொன்னது ஏட்டில் ஏறியது. அழுகையும் தயக்கமுமாக நின்றவர்களில் சிலர், பிறகு அதற்காகவே அலைய வேண்டியதாயிற்று. இரு சாராருக்கும் பட்ட நஷ்டம் ஒன்றுதான். வேறுபட்டது நாக்கு.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஆண்களில் பலர் சபுராளிகள். வாப்பா துபாயிலோ சவூதியிலோ இருக்க, வங்கி, மின்வாரியம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று எல்லா இடத்துக்கும் போய் நிற்பது உம்மாவும் ராத்தாவும்தான். 2021ல் நம் பேரூராட்சி நகராட்சியாகிவிட்டது. வரி, குடிநீர், கழிவுநீர் என்று நேரில் போய்ப் பேச வேண்டிய காரியங்கள் குறையப் போவதில்லை. நாம் பேசாவிட்டால் நமக்காக வேறொருவர் பேசுவார். அவர் நம் தேவையைப் பேசுவாரா, தம் தேவையைப் பேசுவாரா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

பிள்ளைகள் நிலையும் இதுதான். நல்ல மதிப்பெண் வாங்கிய நம் ஊர் மாணவி ஒருவர், உதவித்தொகைக்கான நேர்காணலுக்குப் போனார். "உன்னைப் பற்றிச் சொல்லம்மா" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கே பேச்சு எழவில்லை. படித்தது எல்லாம் உள்ளே இருந்தது. வெளியே கொண்டுவர வழி இல்லை. இதைத்தான் நாங்கள் ஒரு பொதுநலக் காரியமாகப் பார்க்கிறோம். பசிக்கு உணவு கொடுப்பது போல, வாயடைத்து நிற்பவருக்குச் சொல் எடுத்துக் கொடுப்பதும் ஓர் உதவிதான்.

ஒத்திகை நமக்குப் புதிதல்ல

"அவனுக்குப் பேச்சு பிறவியிலேயே வந்தது, எம் பிள்ளைக்குக் கூச்சம் அதிகம்" என்று தாய்மார்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். கூச்சம் உண்மைதான். ஆனால் துணிச்சல் முதலில் வந்து, பேச்சு பிறகு வருவதில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்த பிறகுதான் துணிச்சல் வருகிறது. இந்த வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டு, 'பயம் போகட்டும், பிறகு பேசலாம்' என்று காத்திருப்பதால்தான் பல பேருக்கு அறுபது வயது வரை பயம் போவதில்லை.

இதற்குச் சாட்சி தேடி வெளியூர் போக வேண்டாம். நம் ஹிஃப்ழு மதரசாவுக்குப் போய்ப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை பாடத்தை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு "பாடமாகிவிட்டது ஹஜ்ரத்" என்றால் உஸ்தாத் ஒப்புக்கொள்வாரா? "வா, ஓதிக் காட்டு" என்பார். முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு ஓதி, அவர் காதில் விழுந்து, அவர் திருத்தினால்தான் அது பாடம். புதுப் பாடத்தோடு பழைய பாடத்தையும் தினமும் ஓதிக் காட்ட வேண்டும். ரமளானில் இரவு தராவீஹில் ஓதப் போகும் ஜுஸ்உவை, பெரிய ஹாபிழ்களும் பகலிலேயே இன்னொரு ஹாபிழிடம் ஓதிக் காட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். இருபது வருடம் தொழ வைத்தவர் இன்றும் ஓதிக் காட்டுகிறார். அதை யாரும் அவருக்குக் குறைவாக நினைப்பதில்லை.

இந்த வழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு ரமளானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு குர்ஆனை ஓதிச் சரிபார்த்தார்கள் என்றும், நாயகத்தின் கடைசி ரமளானில் அது இரண்டு முறை நடந்தது என்றும் ஹதீஸ்களில் காண்கிறோம். மனனமாக இருப்பதையும் இன்னொருவர் முன் வாய்விட்டு ஓதுவது என்பது நமக்கு அங்கிருந்தே வந்த முறை.

அரபிக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு வியாழன் இரவு தெரியும். பாடம் முடிந்து மறுநாள் ஜும்ஆ விடுமுறை என்ற நிலையில், மாணவர் மன்றம் கூடும். ஒருவர் தலைமை, நான்கைந்து பேர் பேச்சாளர்கள், கேட்பவர்கள் எல்லாம் கூடப் படிப்பவர்கள். முதல் முறை எழுந்து நின்ற பிள்ளைக்கு ஹம்து ஸலவாத்தைத் தாண்டிச் சொல் வராது. அடுத்த முறை இரண்டு நிமிடம் நிற்பான். ஏழாண்டுப் படிப்பு முடிந்து ஸனது வாங்கிப் போகும்போது, ஆயிரம் பேர் உள்ள பள்ளிவாசலில் மிம்பரில் நின்று பயான் செய்வான். நாம் அந்த ஆயிரம் பேர் கூட்டத்தைத்தான் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் வியாழன் இரவுகள் நம் கண்ணில் படுவதில்லை.

இதே அறிவை வெளிநாட்டிலும் கண்டுகொண்டார்கள். 1924 அக்டோபரில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாண்டா ஆனா என்ற ஊரில், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் சிலரைக் கூட்டி, முறை வைத்துப் பேசிப் பழகச் செய்தார். அதுதான் இன்று டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று உலகமெங்கும் இருக்கும் மன்றம். வளைகுடா நகரங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் பேச்சாளர் எத்தனை முறை 'ஆ', 'ம்' என்று இழுத்தார் என்று எண்ணிச் சொல்வார். ஒருவர் நிறையும் குறையும் சொல்வார். நம் வகுப்பிலும் 'வந்து' என்ற சொல்லை எண்ணினோம். மூன்று நிமிடப் பேச்சில் முப்பத்தொரு 'வந்து' சொன்ன பிள்ளை யாரென்று நாங்கள் சொல்ல மாட்டோம். நேற்று அதே பிள்ளை நான்கோடு முடித்துக்கொண்டது. மாஷா அல்லாஹ்.

எழுந்து நின்று, பேசாமலே உட்கார்ந்த ஒருவர்

கூச்சம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு வரலாறு சொல்கிறோம். இது காந்தியடிகள் தம் சுயசரிதையில் தாமே எழுதி வைத்தது.

லண்டனில் சட்டம் படித்த நாளில், ஒரு கூட்டத்தில் சைவ உணவு பற்றிப் பேச ஒரு தாள் அளவுக்கு எழுதிக்கொண்டு போனார். வாசிக்க எழுந்தார், கண் மங்கியது, உடம்பு நடுங்கியது. கூட வந்தவர் வாங்கி வாசித்தார். 1891ல் ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். வேடிக்கையாக இரண்டு வார்த்தை பேசலாம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. பம்பாயில் முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அப்படிப்பட்டவர் முதன்முதலாகப் பொதுக்கூட்டத்தில் பேசியது எங்கே? 1893ல், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் என்ற முஸ்லிம் பெருவணிகரின் வீட்டில். கேட்டவர்களில் பெரும்பாலோர் மேமன் வியாபாரிகள். பொருள், வியாபாரத்தில் உண்மை பேசுவது. போகும்போது பொருளை ஓரளவு நன்றாகவே தயார் செய்துகொண்டு போனதாக அவரே குறிப்பிடுகிறார். அதன் பிறகு அதே மக்கள் அடிக்கடி கூடினார்கள், பேச்சும் தொடர்ந்தது.

லண்டனில் வராத பேச்சு பிரிட்டோரியாவில் எப்படி வந்தது? எங்கள் பார்வையில் மூன்று காரணம். கூடியிருந்தவர்கள் அவரைச் சோதிக்க வந்தவர்கள் அல்லர். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நம்மைப் போன்ற வியாபாரிகள். பேசிய பொருள் வேடிக்கைக்கானது அன்று. கேட்பவர்களின் அன்றாடப் பிழைப்பு பற்றியது. அது ஒரே நாளோடு முடியவும் இல்லை. திரும்பத் திரும்ப நடந்தது. சிறிய சபை, உண்மையான காரியம், தொடர்ந்த பழக்கம் என்று இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் கூச்சம் இளகியது.

அதோடு கதை முடிந்துவிடவில்லை. 1896 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் துயரத்தை எடுத்துச் சொல்லப் பம்பாயில் பெரிய கூட்டம். சர் பிரோஸ் ஷா மேத்தா முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: பேச்சை எழுதி, முதல் நாளே அச்சடித்து வைக்க வேண்டும். மறுநாள் நடந்தது என்ன? அவ்வளவு பெரிய கூட்டத்தில் காந்தியின் குரல் எட்டவில்லை. நடுக்கம் மீண்டும் வந்துவிட்டது. அச்சடித்த தாள் கையில் இருந்ததால் வேறொருவர் வாங்கிப் படித்தார். வாச்சா அவர்கள் படித்து முடித்தபோது சபை ஆரவாரம் செய்தது. பேசியவர் தடுமாறினார்; சொல்ல வந்த செய்தி தடுமாறவில்லை. தயாரிப்பின் பலன் இதுதான். நம் குரல் கைவிட்டாலும் நம் காரியம் கைவிடப்படாது.

அதன் பிறகும் அவர் அதே செய்தியை ஊர் ஊராகப் போய், சந்தித்த பெரியவர்களிடமெல்லாம் எடுத்துச் சொன்னார். சரியாக ஒரு மாதம் கழித்து, 1896 அக்டோபர் 26ஆம் தேதி, நம் சென்னையில் பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளிக்காக அவர் பாடுபட்ட செய்தி ஏற்கனவே சென்னைக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்று பேச்சு நீளமானது. ஆனாலும் சபை ஒவ்வொரு சொல்லையும் கவனமாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகளே, இடையில் இருந்தது ஒரு மாதம்தான். பம்பாயில் தடுமாறியதோடு மூட்டையைக் கட்டியிருந்தால் சென்னை இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

வகுப்பில் சொன்னதைப் பெற்றோர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறோம். மேடைப் பேச்சுக்கும் இதுதான், அலுவலக மனுவுக்கும் இதுதான்.

முதலாவது, சொல்ல வந்ததை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் நமக்கே இன்னும் தெளிவில்லை என்று பொருள்.

இரண்டாவது, எழுதும்போது வாயில் வரும் தமிழில் எழுதுங்கள். புத்தகத்திலிருந்து எடுத்த நீண்ட வாக்கியம் நாக்கில் நிற்காது. பாதியில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் நழுவும். எழுதியதை முழுக்க மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதை நான்கைந்து குறிப்பாக ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் வேண்டாம். கை நடுங்கினால் தாள் சலசலக்கும், அதைப் பார்த்துக் கை மேலும் நடுங்கும். அட்டை அப்படி ஆடாது.

மூன்றாவது, தனியாக, நின்றுகொண்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். படுத்துக்கொண்டு மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனதுக்குள் எல்லாருமே நன்றாகத்தான் பேசுகிறோம். கைப்பேசியில் பதிவு செய்து ஒரு முறை கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்க முதலில் யாருக்கும் பிடிக்காது. மூன்றாவது முறை பழகிவிடும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். கொடுத்த நேரம் ஐந்து நிமிடம் என்றால் நான்கில் முடியும்படி வெட்டுங்கள்.

நான்காவது, ஒருவர் முன் சொல்லுங்கள். பிறகு மூன்று நான்கு பேர் முன். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஒரே நாளில் பத்து முறை சொல்வதைவிட, ஐந்து நாளில் தினம் இரண்டு முறை சொல்வது நிலைக்கும். இதை ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

ஐந்தாவது, முடிந்தால் இடத்தை முன்கூட்டியே பாருங்கள். எங்கே நிற்கப் போகிறோம், மைக் எவ்வளவு உயரம், மனு வாங்குபவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்தால் பாதி பதற்றம் வாசலிலேயே நின்றுவிடும்.

தாய்மார்களுக்கு ஓர் உதாரணம். தெருவில் குடிநீர் வரவில்லை என்று நகராட்சிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "என் பெயர் இன்னது. இன்ன வார்டு, இன்ன தெரு. எங்கள் தெருக் குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை. இருபது வீடு சிரமப்படுகிறோம். பத்து நாளைக்கு முன் மனு கொடுத்தோம், ரசீது இதோ. சரிசெய்ய ஆள் எந்தத் தேதிக்குள் வருவார்கள் என்று சொல்லுங்கள்." யார், எங்கே, என்ன, எப்போதிலிருந்து, இப்போது என்ன வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிடம். அடுப்படியில் நின்றே நான்கு முறை சொல்லிப் பார்க்கலாம். மருத்துவரிடம் போகும்போதும் இதே வரிசைதான்: எங்கே வலி, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம்.

நடுக்கம் வந்தால்?

வரும். நெஞ்சு படபடக்கும், தொண்டை வறளும், முழங்கால் தளரும். ஒத்திகை செய்தவருக்கும் வரும். வித்தியாசம் என்னவென்றால், ஒத்திகை செய்தவருக்கு அந்த நேரத்தில் நாக்கு தானாக வழி கண்டுகொள்ளும்.

ஓர் ஆறுதலான செய்தி. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 2003ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேசுபவர், தம் நடுக்கம் சபைக்கு எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறாரோ, அந்த அளவுக்குச் சபைக்கு அது தெரிவதில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொன்னவுடன் அவர்கள் இன்னும் நன்றாகப் பேசினார்கள். ஆக, உள்ளே அடிக்கும் மத்தளம் நம் காதுக்குத்தான் பெரிது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது நம் சொல் மட்டுமே. எழுந்தவுடன் பேச வேண்டாம். ஒரு மூச்சு எடுத்து, ஸலாம் சொல்லி, தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து, மனப்பாடமான முதல் வாக்கியத்தை நிதானமாகச் சொல்லுங்கள்.

அப்படியும் தனியாகப் போகத் தயக்கம் என்றால், துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதில் எந்தக் குறைவும் இல்லை. ஃபிர்அவ்னிடம் போகப் பணிக்கப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் கேட்டது என்ன? நெஞ்சை விரிவாக்கித் தரும்படியும், நாவின் முடிச்சை அவிழ்த்து விடும்படியும் துஆ செய்தார்கள். தம்மைவிட நாவன்மை உள்ள சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படியும் கேட்டார்கள். அல்லாஹ் இரண்டையும் கொடுத்தான். ஒரு நபியே தம் நாவின் தடையை மறைக்கவில்லை. அதைக் காரணம் காட்டிப் போகாமலும் இருக்கவில்லை.

கேட்கும் காது வேண்டும்

இப்போது பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒத்திகைக்கு ஒரு நாக்கு போதாது; ஒரு காதும் வேண்டும். ஹிஃப்ழுப் பிள்ளைக்கு உஸ்தாத் இருக்கிறார். வீட்டில் பேசிப் பார்க்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

"பெரியவங்க பேசும்போது நீ என்ன குறுக்கே?" என்று ஒரு பிள்ளையைப் பதினைந்து வயது வரை வாயை மூட வைத்துவிட்டு, பதினாறாம் வயதில் "ஏன் மேடையில் பேச மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் அது நியாயமா? அதபு வேண்டும், மறுக்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்த பிறகு, "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்பதும் அதபுதான்.

பிள்ளை பேசிக் காட்டும்போது மூன்று காரியத்தைத் தவிர்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். முடித்த பிறகு, நன்றாக இருந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, இந்த இரண்டு மட்டும் சொல்லுங்கள். காக்காமார்கள் தங்கச்சி பேசும்போது முகத்தைக் கோணாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிய உதவி. சபரில் இருக்கும் வாப்பாமார்கள் போனில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று கேட்பதோடு, "இன்று என்ன பேசப் போகிறாய், சொல்லிக் காட்டு" என்றும் கேட்கலாம். கடல் கடந்து கிடைக்கும் அந்தக் காதுக்கு எவ்வளவு வலிமை என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நாளை ஒரு வீட்டை நடத்தப் போவதும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் முன் உட்காரப் போவதும், பெற்றவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் விளக்கம் சொல்லப் போவதும் அவர்கள்தான். அவர்களுடைய நாக்கைக் கட்டிப்போட்டால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்கே.

பேச்சு எதற்காக?

முடிக்கும் முன் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசப் பழகியவருக்கு ஒரு நோய் வரும்: எங்கேயும் தானே பேச வேண்டும் என்ற ஆசை. அதற்கு மருந்தாக ஒரு சம்பவம். நாயகம் (ஸல்) அவர்கள் வஃபாத்தான நாளில், ஸகீஃபாவில் அன்சாரிகள் கூடியிருந்தார்கள். சமுதாயம் இரண்டுபட்டுவிடுமோ என்ற நெருக்கடி. தமக்கே பிடித்த விதமாக ஒரு பேச்சை மனதில் தயார் செய்துகொண்டு போனதாக உமர் (ரலி) அவர்கள் பின்னாளில் கூறியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. பேச எழுந்தபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் பொறுக்கச் சொன்னார்கள். உமர் (ரலி) அமைதியானார்கள். தாம் தயார் செய்து வைத்திருந்தவற்றில் ஒன்றையும் விடாமல், அதைவிடச் சிறப்பாகவே அபூபக்ர் (ரலி) பேசிவிட்டார்கள் என்று அவர்களே மனதாரச் சொன்னார்கள்.

உமர் (ரலி) போன்ற வீரரும் முக்கியமான சபைக்கு முன் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனார்கள். காரியம் இன்னொருவர் நாவால் முடிந்தபோது மனம் நிறைந்து ஏற்றுக்கொண்டார்கள். தயார் செய்தது வீணாயிற்று என்று வருந்தவில்லை. ஒத்திகை என்பது மேடையைப் பிடிப்பதற்கு அன்று, காரியம் நிறைவேறுவதற்கு.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாகப் பேசிவிட்டால் எல்லா மனுவும் உடனே நிறைவேறும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. தெளிவாகச் சொன்ன பிறகும் இழுத்தடிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் தெளிவாகச் சொல்லப்பட்ட கோரிக்கையைத் 'தெரியாது' என்று தள்ள முடியாது. பொய்யை எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் அது பொய்தான் என்பதையும் பிள்ளைகள் மறக்கக் கூடாது. முதலில் உண்மை, பிறகுதான் சொல் அழகு.

பத்து நாள் வகுப்பு இன்றோடு முடிகிறது. பழக்கம் முடியக் கூடாது. ஆகவே, இன்ஷா அல்லாஹ், இனி வியாழன்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகக் கூடத்தைப் பேசிப் பழகுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பெண்களுக்கு சனிக்கிழமை காலையில் தனியாக, ஆலிமா ஒருவரின் பொறுப்பில். பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளை வரலாம். நேர்காணலுக்குப் போகும் இளைஞர் வரலாம். திங்கட்கிழமை தஞ்சாவூருக்கு மனு கொண்டு போகும் தாயும் வரலாம். கேட்பதற்கு எங்களில் மூன்று பேர் கட்டாயம் இருப்போம். யாரும் சிரிக்க மாட்டோம். சொன்னது வெளியே போகாது.

அடுத்த வாரம் வரும்போது ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒருவரிடமாவது ஒரு முறை பேசிக் காட்டிவிட்டு வர வேண்டும். யாரிடம் பேசிக் காட்டினாய் என்றுதான் முதல் கேள்வி கேட்போம்.

நம் பிள்ளைகளின் நெஞ்சை விரிவாக்கி, நாவின் முடிச்சுகளை அவிழ்த்து, உண்மையை அழகாகவும் பணிவாகவும் எடுத்துச் சொல்லும் ஆற்றலை வல்ல அல்லாஹ் கொடுத்தருள்வானாக. அதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.